ஆட்டத்தில் ‘பேய்’ இனம் சேர்க்கலாமா? டேபிள்டாப் கேமில் ‘பேலன்ஸ்’ பார்ப்பது எப்படி?

ஆனி மாதம் மாங்கனித் திருவிழா என்றால் காரைக்காலே தெருவில்தான் நிற்கும். பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது வீட்டு மாடிகளில் இருந்து மாங்கனிகள் பறந்து வரும். அந்த விழாவின் நாயகி காரைக்கால் அம்மையார். அழகு வேண்டாம் என்று உதறிவிட்டு, இறைவனிடம் பேய் வடிவம் கேட்டு வாங்கியவர் என்கிறது பெரியபுராணம். தமிழ்நாட்டு மாவட்டங்கள் சூழ்ந்திருக்க, புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் பகுதியாக இருக்கும் இந்தக் கடலோர ஊரில், ‘பேய்’ என்ற சொல்லுக்குப் பயம் மட்டும் அர்த்தம் இல்லை.

இப்படியொரு ஊரில் நாலைந்து நண்பர்கள் சேர்ந்து ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட உட்கார்ந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ரூல் புக்கைப் புரட்டினால் எல்ஃப் இருக்கு, ட்வார்ஃப் இருக்கு, ஓர்க் இருக்கு. “நம்ம ஊர் பேய் எங்கடா?” என்று ஒருத்தர் கேட்பார். “நாமளே உருவாக்கிட்டா போச்சு” என்பார் இன்னொருத்தர்.

உருவாக்கலாம், விதிகளும் அதைத் தடுக்கவில்லை. ஆனால் கொஞ்சம் அளவு தப்பினாலும், பேயாக விளையாடுபவர் ஒருவரே எல்லாச் சண்டையையும் முடித்துவிடுவார். மற்ற மூன்று பேர் சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். இதைத் தவிர்ப்பதற்குப் பெயர்தான் ‘பேலன்ஸ்’. அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம்.

முதலில், இது என்ன விளையாட்டு?

‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடர் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். நான்கு சிறுவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, டைஸ் உருட்டி, கத்திக் கூச்சல் போட்டு விளையாடுவார்களே, அதேதான். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோர் உருவாக்கிய விளையாட்டு இது. இப்போது ஹாஸ்ப்ரோவின் துணை நிறுவனமான ‘விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்’ வெளியிடுகிறது. 2023-ல் பெரிய ஹிட் அடித்த ‘பால்டர்ஸ் கேட் 3’ வீடியோ கேமும் இதே விதிகளை அடிப்படையாகக் கொண்டதுதான்.

ஒருவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். கதை சொல்வதும் எதிரிகளை இயக்குவதும் அவர் வேலை. மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கேரக்டரை எடுத்துக்கொள்வார்கள். வீரனா, திருடனா, மந்திரவாதியா என்பது ‘கிளாஸ்’. மனிதனா, எல்ஃபா, ஓர்க்கா என்பது ‘இனம்’. வலிமை, வேகத்திறன், உடல் உறுதி, அறிவு, விவேகம், கவர்ச்சி என்று ஒவ்வொரு கேரக்டருக்கும் 6 திறன் எண்கள் உண்டு. செய்ய நினைக்கும் காரியம் நடக்குமா, நடக்காதா என்பதை 20 பக்க டைஸ் முடிவு செய்யும்.

புத்தகத்தில் இல்லாத ஒரு இனத்தை விளையாடுபவர்களே எழுதிச் சேர்ப்பதை ‘ஹோம்ப்ரூ’ என்பார்கள். வீட்டுச் சமையல் மாதிரி. உப்பு கூடினாலும் குறைந்தாலும் பழி சமைத்தவருக்குத்தான்.

நம்ம ஊர் கதைகள் ஏற்கெனவே இதில் இல்லையா?

இருக்கின்றன, ஆனால் எதிரிகளாக. 1977-ல் வந்த ‘மான்ஸ்டர் மானுவல்’ புத்தகத்திலேயே ராட்சசனும் நாகமும் உண்டு. அந்த ராட்சசனைக் கொல்ல ஆசி பெற்ற குறுக்குவில் அம்பு வேண்டும் என்று விதி எழுதினார்கள். நம்மூர் பாட்டி சொன்ன எந்த ராட்சசன் கதையிலும் இப்படியொரு அம்பு வந்ததில்லை.

2022-ல் வெளியான ‘ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டாடல்’ தொகுப்பில் நிலைமை கொஞ்சம் மாறியது. கொல்கத்தாவைச் சேர்ந்த எழுத்தாளர் மிமி மொண்டால், வங்க மண்ணின் வாசனையோடு ஒரு சாகசக் கதையை அதில் எழுதினார். தமிழ் பேசும் மேஜைகளில் ‘நம்ம பேய், நம்ம விதி’ என்ற ஆசை வருவதும் இயல்புதான்.

சமம் என்றால் ஒரே மாதிரியா?

பேலன்ஸ் என்றதும் எல்லா இனத்துக்கும் ஒரே அளவு பலம் கொடுக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தேவையில்லை என்பதற்குக் கோயில் மண்டபத் தரையிலேயே சாட்சி இருக்கிறது. கல்லில் கோடு கீறி விளையாடிய ஆடு புலி ஆட்டம்தான் அது.

பரவலாக ஆடப்படும் வடிவத்தில் 3 புலி, 15 ஆடு, 23 புள்ளிகள். புலி தாண்டி ஆட்டை வெட்டலாம். ஆட்டால் எதையும் வெட்ட முடியாது. 15 ஆடுகளையும் இறக்கி முடிக்கும்வரை ஒரு ஆட்டைக்கூட நகர்த்தவும் முடியாது. தாளில் எழுதிப் பார்த்தால் புலிப் பக்கம்தான் எல்லா வசதியும். ஆனாலும் கை தேர்ந்தவர் ஆடு வைத்து ஆடினால் புலிகள் மூலையில் முடங்கிப்போகும். ஒரு பக்கத்துக்குப் பலம், இன்னொரு பக்கத்துக்கு எண்ணிக்கை. இரண்டு பேருக்கும் வெல்ல வழி உண்டு என்பதுதான் இங்கே சமநிலை.

நேபாளத்தில் இதன் உறவுக்கார ஆட்டம் ‘பாக் சால்’. அங்கே 25 புள்ளிகளில் 4 புலி, 20 ஆடு. லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கணினியில் போட்டு அலசினார்கள். இரு தரப்பும் தவறே செய்யாமல் ஆடினால் ஆட்டம் டிராவில் முடியும் என்று 2009-ல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் நிறுவினார்கள். கணினி இல்லாத காலத்தில், ஆடி ஆடியே மக்கள் அந்த எண்ணிக்கைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

புதிய இனம் உருவாக்கும்போது பார்க்க வேண்டியதும் இதைத்தான். பேய்க்கு எல்ஃபைவிட அதிக பலம் தேவையில்லை, வேறு விதமாக விளையாட ஒரு வழி கொடுத்தால் போதும்.

எந்தச் சக்திக்கு எவ்வளவு மதிப்பு?

இங்கே கொஞ்சம் கணக்கு பார்த்தாக வேண்டும். பயப்பட வேண்டாம், பத்தாம் வகுப்புக் கணக்குதான்.

2014 விதிப்படி ஒரு காப்ளினின் தற்காப்பு எண் 15. உங்கள் கேரக்டரின் தாக்குதல் கூட்டல் 5 என்றால், டைஸில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். வாய்ப்பு 55 சதவீதம். கூட்டல் 6 ஆனால் 60 சதவீதம். அதாவது 20 பக்க டைஸில் ஒவ்வொரு கூடுதல் 1-க்கும் மதிப்பு 5 சதவீதப் புள்ளிகள்.

அடுத்து ‘அட்வான்டேஜ்’. இரண்டு முறை உருட்டி, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். அதே காப்ளினை அதே கூட்டல் 5-ல் தாக்கினால், வாய்ப்பு 55-ல் இருந்து கிட்டத்தட்ட 80 சதவீதமாகத் தாவுகிறது. பார்க்கச் சின்னச் சலுகை மாதிரி இருக்கும். உண்மையில் அந்த இடத்தில் அது கூட்டல் 5 கொடுத்ததற்குச் சமம். ‘என் இனத்துக்கு எப்போதும் அட்வான்டேஜ்’ என்று ஒரு வரி எழுதினால் ஆட்டம் சாய்ந்துவிடுவது இதனால்தான்.

ஆக, ஒரு சக்தியை எடை போட மூன்று கேள்விகள் போதும். எப்போதும் வேலை செய்யுமா, ஒரு நாளைக்கு ஒருமுறையா? எல்லா இடத்திலும் பயன்படுமா, அபூர்வமாகத்தானா? இன்னொருவரின் கிளாஸ் செய்யும் வேலையைப் பறிக்கிறதா?

பறக்கும் சக்தி ஏன் தலைவலி?

இந்த மூன்று கேள்விகளிலும் மாட்டுவது பறத்தல். மந்திரவாதிக்குப் பறக்கும் மந்திரம் 5-ம் லெவலில்தான் கிடைக்கும். அதுவும் செலவழிந்து தீரும் மந்திரம். முதல் லெவலிலேயே இறக்கை உள்ள ஒருவர் வந்தால் பள்ளம், மதில், ஆறு எதுவும் தடையே இல்லை. கையில் வில் இருந்தால், வில் இல்லாத எதிரி அவரை ஒன்றும் செய்ய முடியாது.

2015-ல் வந்த ‘ஆரகோக்ரா’ என்ற பறவை இனத்துக்கு 50 அடி பறக்கும் வேகம் இருந்தது. கனமான கவசம் போட்டால் பறக்க முடியாது என்ற கட்டுப்பாடு வைத்தும் பல டிஎம்கள் தலையில் கை வைத்தார்கள். 2022-ல் ‘மான்ஸ்டர்ஸ் ஆஃப் தி மல்டிவர்ஸ்’ புத்தகத்தில், பறக்கும் வேகத்தை நடக்கும் வேகத்துக்குச் சமமாகக் குறைத்துவிட்டார்கள்.

குறைவாகக் கொடுத்தாலும் சிக்கல்தான். 2014-ன் டிராகன்பார்ன் இனம் வாயில் நெருப்பு கக்கும். கேட்க மாஸாக இருக்கும். ஆனால் கக்குவதற்கு ஒரு முழுச் செயலைச் செலவழிக்க வேண்டும். லெவல் ஏற ஏற, கத்தியால் நான்கு குத்து குத்துவதே லாபம் என்ற நிலை. அதனால் 2021-ல் வந்த ‘ஃபிஸ்பன்ஸ் டிரெஷரி ஆஃப் டிராகன்ஸ்’ புத்தகத்தில், ஒரே ஒரு தாக்குதலுக்குப் பதிலாக நெருப்பு கக்கலாம் என்று மாற்றினார்கள். காசு கொடுத்துப் புத்தகம் எழுத வைக்கும் நிறுவனமே திரும்பத் திரும்பத் திருத்துகிறது. வீட்டு மேஜையில் முதல் முயற்சியிலேயே சரியாக வரவில்லை என்று வருந்த வேண்டியதில்லை.

‘பலவீனம் வெச்சுட்டா சரியாகிடுமே?’

ஹோம்ப்ரூ எழுதும் எல்லோரும் விழும் குழி இதுதான். “பேய் பறக்கும், சாகாது, ஆனா வெயில்ல பலவீனமாகிடும், சரியா?” சரியில்லை. கதை முழுக்க குகைக்குள் நடந்தால் அந்தப் பலவீனம் வரவே வராது. கதை முழுக்க காரைக்கால் கடற்கரை வெயிலில் நடந்தால் அந்தக் கேரக்டரால் எதையுமே செய்ய முடியாது. இரண்டிலும் சமநிலை இல்லை.

இதற்கும் முன்னுதாரணம் உண்டு. 2016-ல் வந்த ‘கோபோல்ட்’ இனத்துக்குக் கூட்டாளி பக்கத்தில் இருந்தாலே தாக்குதலில் அட்வான்டேஜ். அதற்கு ஈடாக வலிமையில் 2 குறைவு, வெயிலில் தடுமாற்றம். 2020-ல் வலிமைக் குறைப்பை நீக்கினார்கள். 2022-ல் வெயில் தடுமாற்றமும் போனது, அந்த நிரந்தர அட்வான்டேஜும் போனது. பெரிய பரிசு, பெரிய தண்டனை என்ற கணக்கையே கைவிட்டுவிட்டார்கள்.

பழைய பதிப்புகளில் இதைவிடக் கடுமையான வழிகள் இருந்தன. 1974 விதியில் ட்வார்ஃப் வீரன் 6-ம் லெவலுக்கு மேல் போக முடியாது. குள்ள உருவ ஹாஃப்லிங்குக்கு 4-ம் லெவலோடு சரி. மூன்றாம் பதிப்பில், டிரவ் என்ற கருப்பு எல்ஃபைத் தேர்ந்தெடுத்தால் 2 லெவல் பின்தங்கியே ஆட வேண்டும். இன்று வாங்கிய பலத்துக்கு நாளை வட்டி கட்டுவது போன்ற ஏற்பாடு. ஆட்டம் நாளைக்கே நின்றுபோனால், வட்டி கட்டாமலே அனுபவித்த மாதிரி ஆகிவிடும்.

சரி, பேயை எழுதிப் பார்ப்போம்

அம்மையார் கோயிலில் வழிபடப்படும் நாயன்மார். அவரை எண்களாக மாற்றுவது பலரின் மனதைப் புண்படுத்தும், தேவையும் இல்லை. தமிழில் பேய்களுக்கு வேறு இடமும் இருக்கிறது. 12-ம் நூற்றாண்டில் ஜெயங்கொண்டார் எழுதிய கலிங்கத்துப்பரணியில் பசியில் வாடும் பேய்க் கூட்டமே வருகிறது. போர் முடிந்த களத்தில் அவை கூழ் சமைத்துச் சாப்பிடும். பசி, இருட்டு, போர்க்களம். ஒரு இனத்துக்குத் தேவையான குணம் இதில் முழுசாகக் கிடைக்கிறது.

ஆர்வக்கோளாறில் எழுதிய முதல் வடிவம் இப்படி இருக்கும்: பறக்கும், இருட்டில் பார்க்கும், விஷம் ஏறாது, பார்த்தாலே எதிரி நடுங்குவான், செத்தாலும் எழும். ஒவ்வொன்றாகப் புத்தகத்தில் இருக்கும் இனங்களோடு வைத்துப் பார்ப்போம்.

பறத்தல்: முதல் லெவலில் வேண்டாம். எடுத்துவிடலாம்.

இருட்டில் பார்வை: 2014 விதிப்படி எல்ஃப், ட்வார்ஃப் எனப் பல இனங்களுக்கு 60 அடிவரை இருந்தது. பேய்க்கும் அதே 60 அடி.

விஷம்: ட்வார்ஃபுக்கு விஷப் பாதிப்பு பாதிதான். பேய்க்கும் பாதி. முழு விலக்கு கூடாது. பாம்பு இனமான யுவான்-டிக்கு முழு விலக்கு இருந்ததை 2022-ல் எதிர்ப்புச் சக்தியாகக் குறைத்ததை நினைவில் வைக்கலாம்.

பயமுறுத்துதல்: எப்போதும் வேலை செய்தால் மற்றவர்களுக்கு வேலை இல்லை. 3-ம் லெவலில் இருந்து, ஒரு நீண்ட ஓய்வுக்கு ஒருமுறை மட்டும்.

செத்தும் எழுதல்: 2014 விதியின் ஹாஃப்-ஓர்க்குக்கு இது உண்டு. உயிர்ப்புள்ளி 0 ஆனதும் 1-ல் நிற்கலாம், நீண்ட ஓய்வுக்கு ஒருமுறை. பேய்க்குப் பயமுறுத்தலும் வேண்டும், இதுவும் வேண்டும் என்றால் அதிகம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும்.

இதோடு பரணியில் இருந்து ஒன்று: ‘தீராப் பசி’. 5 அடிக்குள் ஒரு எதிரி விழுந்தால் பேய்க்குக் கொஞ்சம் தற்காலிக உயிர்ப்புள்ளிகள். அளவு, கேரக்டரின் ‘புரொஃபிஷியன்ஸி’ எண்ணுக்குச் சமம். அதாவது 1 முதல் 4 லெவல்வரை 2 புள்ளி, 5-ம் லெவலில் 3 புள்ளி. ஒரு நாளில் எத்தனை முறை என்பதும் அதே எண்தான். பலம் பெரிதில்லை. ஆனால் பேயாக ஆடுபவர் தூரத்தில் நின்று அம்பு விட மாட்டார், சண்டையின் நடுவில் போய் நிற்பார். நமக்கு வேண்டிய ‘வேறு விதமான ஆட்டம்’ இந்த ஒரு வரியிலேயே வந்துவிடுகிறது.

பிறப்பிலேயே புத்திசாலியா?

பேலன்ஸ் விவாதத்தில் கணக்கைத் தாண்டிய ஒரு பகுதி இது. 2016 புத்தகத்தில் ஓர்க் இனத்தில் பிறந்தாலே அறிவில் 2 குறைவு என்று இருந்தது. விளையாட்டுதானே என்று விட்டுவிடலாம். ஆனால் ஓர்க் மந்திரவாதியாக ஆட ஆசைப்பட்டவர், முதல் நாளே மற்றவர்களுக்குப் பின்னால் நிற்க வேண்டியிருந்தது. பிறப்பை வைத்துத் திறமையை அளப்பது என்ன செய்யும் என்று தமிழ்ச் சமூகத்துக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

2020-ல் அந்தக் குறைப்பு நீக்கப்பட்டது. அதே ஆண்டு வந்த ‘டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்’ புத்தகம், இனம் தரும் கூடுதல் எண்களை விருப்பமான திறனுக்கு மாற்றிக்கொள்ள அனுமதித்தது. 2024-ன் புதிய விதிநூலில் ‘ரேஸ்’ என்ற சொல்லே போய் ‘ஸ்பீஷீஸ்’ என்று வந்தது. திறன் எண்களின் கூடுதல் இப்போது பிறப்பைப் பொறுத்ததில்லை. கேரக்டர் என்ன வேலை செய்து வளர்ந்தார் என்ற பின்னணியைப் பொறுத்தது. விவசாயி, வணிகர், மாலுமி, எழுத்தர் என 16 பின்னணிகள் அந்த நூலில் உள்ளன.

தமிழில் ஹோம்ப்ரூ எழுதுவோருக்கு இது முக்கியமான பாடம். நிஜத்தில் வாழும் ஒரு சமூகத்தையோ ஒரு ஊர்க்காரர்களையோ ‘இனம்’ ஆக்கி, இவர்களுக்கு வலிமை கூட, அறிவு குறைவு என்று எழுதக் கூடாது. கடலோடியையும் நெசவாளியையும் வணிகரையும் பின்னணியாக வைக்கலாம். யார் வேண்டுமானாலும் அதைத் தேர்ந்தெடுக்க முடியும். இதில் கணக்கு ரீதியாகவும் லாபம் உண்டு. எண்கள் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைத்துவிடுவதால், இனம் எழுதும்போது சிறப்புச் சக்திகளை மட்டும் எடை போட்டால் போதும்.

சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

எழுதிய இனத்தைப் புத்தகத்தில் உள்ள ஏதாவது ஒரு இனத்துக்குப் பக்கத்தில் வைத்து, வரிக்கு வரி ஒப்பிடுங்கள். 2014 ‘டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு’ நூலும், புது இனம் உருவாக்குவதை மாதிரிகளோடு விளக்கியிருக்கிறது.

1-ம் லெவலில் ஒரு சண்டை, 5-ம் லெவலில் ஒரு சண்டை என்று சோதனை ஆட்டம் ஆடுங்கள். முதல் லெவலில் பயங்கரமாகத் தெரிவது ஐந்தில் சாதாரணமாகலாம். இதன் தலைகீழும் நடக்கும்.

ஒவ்வொரு சண்டையிலும் யார் எத்தனை முறை ‘நான் என்ன செய்யட்டும்?’ என்று கேட்டார்கள், யார் போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள் என்று கவனியுங்கள். எண்களைவிட இது சீக்கிரம் காட்டிக் கொடுத்துவிடும்.

கடைசியாக, ஆடு புலி ஆட்டத்தில் செய்வது போலப் பக்கம் மாற்றுங்கள். போன ஆட்டத்தில் ட்வார்ஃபாக இருந்தவர் இப்போது பேய், பேயாக இருந்தவர் எல்ஃப். அடுத்த முறை நான்கு பேரும் பேயாகத்தான் வருவேன் என்று அடம்பிடித்தால் பலம் அதிகம். ஒருவரும் சீண்டவில்லை என்றால் குறைவு. ஒருவர் மட்டும் ஆசையாக எடுத்து, மற்றவர்கள் அவரவர் கேரக்டரோடு திருப்தியாக இருந்தால் சமநிலை வந்துவிட்டது.

மாற்ற வேண்டியிருந்தால் விளையாட்டின் நடுவில் திடீரென்று வெட்டாமல், ஒரு அமர்வு முடிந்ததும் எல்லோரும் பேசி மாற்றுவது நல்லது. “முதல் மூணு ஆட்டம் டிரையல்தான்” என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் மனக்கசப்பும் வராது.

வணிகர் வீட்டில் புனிதவதியாகப் பிறந்தவர்தான் பின்னாளில் காரைக்கால் அம்மையார் ஆனார். பேய் வடிவம் அவருக்குப் பிறவியில் வந்ததில்லை, அவரே விரும்பிக் கேட்டது. யாரும் பிறந்த விதத்தால் மட்டும் அளக்கப்படக் கூடாது என்ற இடத்துக்கு டேபிள்டாப் விதிகள் வந்து சேர 50 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. சொந்தமாக ஒரு இனம் எழுத உட்காருபவர்கள் அந்த இடத்தில் இருந்தே தொடங்கலாம்.